பச்சை ஒட்டிய பெட்டி

சனிக்கிழமை காலை கண் விழித்ததும் சுகிர்தம் பார்த்தது, சுவரோரம் இருந்த தன் டிரங்குப் பெட்டியின் மூடியில் ஒட்டியிருந்த பச்சை ஸ்டிக்கரைத்தான்.

எழுந்து போய் விரலால் தடவிப் பார்த்தாள். நாணயம் அளவுக்கு ஒரு வட்டம். ஓரம் தூக்காமல் நன்றாக அழுத்தி ஒட்டியிருந்தது.

திரும்ப வந்து கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள்.

அந்த வீட்டில் இரண்டு நாளாக எல்லாப் பொருளுக்கும் ஸ்டிக்கர் ஒட்டும் வேலை நடந்தது. பச்சை என்றால் தேனிக்குப் போகும். சிவப்பு என்றால் போடியிலேயே இருக்கும். மஞ்சள் என்றால் யாருக்காவது கொடுத்துவிட வேண்டியது. ஏற்பாடு சின்னத் தம்பி மனைவி இவாஞ்சலினுடையது. ஒட்டும் வேலை அவள் மகள் ஜெமிமாவுடையது. நாலாம் வகுப்பு படிக்கிற பிள்ளை.

சுகிர்தத்தின் அப்பா, பெரியவர் அய்யாத்துரை காலமான பிறகு, போடி பஜார் வீடும் ஏலக்காய் மண்டியும் மூத்தவன் விஜய்ராஜுக்கு என்றும், இளையவன் வினோத்ராஜ் தன் பங்கைப் பணமாக வாங்கிக்கொண்டு தேனிக்குக் குடிபோவது என்றும் முடிவாகியிருந்தது. அவர்களுடைய அக்கா சுகிர்தம், தனக்கென்று ஒன்றும் வேண்டாம் என்று போன வாரம் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டாள்.

"நீங்க இனிமே யாரு கூடம்மா இருப்பீக?" என்று பத்திரம் எழுதுகிறவர் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார்.

தம்பிகள் இரண்டு பேரும் ஒரே மூச்சில், "எங்க கூடத்தான்" என்றார்கள்.

இரண்டு பேரும் சேர்ந்து சொன்னதால், எந்த ஒருவனும் சொன்னதாக ஆகவில்லை. சுகிர்தத்துக்கு இது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அதிலிருந்து அவள் சரியாகத் தூங்கவில்லை.

கல்யாணமான வருஷமே புருஷன் வெளிநாட்டில் வேறு குடும்பமாகிவிட, பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள் அவள். அன்றிலிருந்து இந்த வீட்டு அடுப்படி அவளுடையது. மத்தியான நேரத்தில் மண்டியில் உட்கார்ந்து ஏலக்காய் தரம் பிரிப்பதும் அவள்தான். திரண்ட பச்சைக் காய் ஒரு முறத்தில், வெளுத்தது ஒரு முறத்தில், வெடித்தது ஒரு முறத்தில். பக்கத்தில் உட்கார்ந்து ஜெமிமா காயை எண்ணி விளையாடுவாள். பச்சைக்குத்தான் மதிப்பு. எவ்வளவோ மூட்டை பிரித்த கை. பச்சை என்று கண்டால் முதல் தரம் என்றுதான் அந்தக் கைக்குத் தோன்றும்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஜெமிமா வந்தாள். கழுத்தில் இஞ்ச் டேப் மாலை மாதிரி தொங்கியது.

"அத்தை, பாத்துட்டீகளா?"

"பாத்தேன் தாயி. யாரு ஒட்டுனது இத?"

"நான்தான். நேத்து நீங்க பால் வாங்கப் போனீகல்ல, அப்ப. அளந்து பாத்துட்டேன். என் ரூம்ல ஜன்னலுக்குக் கீழ கரெக்டா இடம் இருக்கு."

சுகிர்தம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா சொன்னாளா ஆத்தா?"

"அம்மா என்னையத்தான் பாக்கச் சொன்னாக."

பொய் இல்லை. கேட்டவளுக்கு எது வேண்டுமோ அதுவும் அந்த வார்த்தையில் இருந்தது. சுகிர்தம் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இவாஞ்சலின் தேனியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். வீடு மாறும்போது பிள்ளைகள் மனம் ஒடிந்துபோகும், அந்த வேலையையே பாடமாக்கிவிட்டால் ஏக்கம் தெரியாது என்று எங்கேயோ பார்த்தாள். பார்த்ததை அப்படியே விட்டுவிடுகிற ஆள் இல்லை அவள். கட்டக் காகிதத்தில் புது வீட்டின் வரைபடம் போட்டாள். கட்டில், பீரோ, மேசை எல்லாவற்றையும் மகளை அளக்கச் சொல்லி, அதே கணக்கில் காலண்டர் அட்டையை வெட்டித் துண்டு துண்டாக வரைபடத்தின் மேல் நகர்த்திப் பார்க்க வைத்தாள். போடியிலிருந்து போகும் வழியை வரைய வைத்தாள். கண்ணாடிச் சாமானைச் செய்தித்தாளில் சுற்றப் பழக்கினாள்.

வியாழக்கிழமை ஸ்டிக்கர் தாளைக் கையில் கொடுத்தபோது சொன்னது இது:

"எந்தச் சாமானப் பாத்தாலும் மூணு கேள்வி கேளு. தினமும் நமக்கு அது வேணுமா? அது இல்லாம நாம இருந்துருவமா? புது வீட்டுல அதுக்கு இடம் இருக்கா? மூணுக்கும் பதில் சரியா வந்தா பச்சை."

"ஒவ்வொண்ணுக்கும் உங்கிட்ட வந்து கேக்கணுமாம்மா?"

"கேக்கவே கூடாது. நீயா யோசிச்சு முடிவெடுக்கணும். அதுதான் பாடமே."

பிள்ளை யோசித்தது. முடிவெடுத்தது.

அடுப்படியில் இவாஞ்சலின் எவர்சில்வர் பாத்திரங்களைச் சாக்கில் அடுக்கிக்கொண்டிருந்தாள். சுகிர்தம் உள்ளே வந்ததும் நிமிர்ந்தாள்.

"மதினி, குளிச்சிட்டீகளா? நல்ல சேலையா கட்டிக்கிருங்க. நீங்கதான் அங்கன வந்து பால் காய்ச்சணும்."

"நான் வராம யாரு காய்ச்சுவா?"

தம்பி குடிபோகிற வீட்டில் அக்கா போய் முதலில் அடுப்பு மூட்டிப் பால் பொங்க வைப்பது அவர்களில் வழக்கம். சர்ச்சுக்குப் போகிற குடும்பம்தான். ஆனாலும் இந்த வழக்கத்தை அவர்கள் விடவில்லை. காலையிலிருந்து வினோத்ராஜ்கூட, "நமக்கேது ராகுகாலம்" என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டே, லாரியைப் பத்தரை தாண்டித்தான் வரச் சொல்லியிருந்தான்.

சுகிர்தம் அஞ்சறைப்பெட்டியைத் துடைத்துச் சாக்கில் வைத்தாள். அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை இவாஞ்சலின் கவனித்தாள். பால் காய்ச்சப் போகிற சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டாள்.

"உனக்கு எட்டு மணிக்கெல்லாம் ஸ்கூல் வேன் வந்துரும். காலையில சோத்துக்கு நீ சங்கடப்படாத இவா. எல்லாம் நடந்துரும்."

"ஆமா மதினி. பாத்துக்கிறலாம்."

இவள் ஒன்று சொன்னாள். அவள் வேறொன்றைக் கேட்டாள்.

இவாஞ்சலினைக் கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்த அடுப்படியில் அவள் விருந்தாளி. ரசம் வைத்தால், "அக்கா வைக்கிற மாதிரி வரல" என்பான் புருஷன். மகளுக்குத் தலை பின்னப் போனால், "அத்தை பின்னட்டும்" என்று ஓடும் பிள்ளை. சம்பளம் வாங்கி வந்தாள். வீட்டில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்பதை மட்டும் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாள். தேனி வீட்டைப் பார்க்கப் போன அன்று அவள் மற்ற அறைகளுக்குள் நுழையவே இல்லை. அடுப்படி மேடையில் கையை ஊன்றிக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.

மினி லாரி வந்து பின்பக்கமாக வாசலை ஒட்டி நின்றது. டிரைவர் ஒச்சாண்டிதான் பாரம் ஏற்றுகிறவனும். கூட இரண்டு ஆட்கள்.

"ஏலே, பச்சை ஒட்டுனது மட்டும் ஏத்துங்கடா. சிவப்பத் தொட்டா கைய ஒடிச்சிருவாக டீச்சரம்மா" என்று ஒச்சாண்டி குரல் கொடுத்தான்.

இவாஞ்சலின் மொட்டை மாடியில் துணிக்கொடியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றவர்கள் அண்ணனும் தம்பியும்தான். டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வந்தபோது ஒச்சாண்டி நிறுத்தினான்.

"மொதலாளி, இது நம்ம ஆத்தா பெட்டியில்ல? இதுவுமா?"

வினோத்ராஜ் பெட்டியைப் பார்த்தான். மூடியில் இருந்த பச்சையைப் பார்த்தான். நிமிர்ந்தபோது உள்வாசலில் அக்கா நின்றிருந்தாள். கிறிஸ்துமஸுக்கு எடுத்த அரக்குப் பட்டு. தலையில் மல்லிகைச்சரம். கையில் பால் பாத்திரம்.

அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும்.

"பச்சைதான ஒட்டியிருக்கு... ஏத்துங்க" என்றான்.

விஜய்ராஜ் தம்பியின் தோளில் கை போட்டான். முகத்தில் அத்தனை நிம்மதி.

"ரொம்ப நல்ல காரியம்டா. நானே சொல்லணும்னு இருந்தேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியாம நின்னேன். நம்ம அக்காவுக்கு உன் பிள்ளைன்னா உசுருல்ல."

வினோத்ராஜ் தலையை ஆட்டினான். ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் நடுவில் ஒரு ஆட்டல்.

காரில் ஏறியதும் முன்சீட்டிலிருந்து இவாஞ்சலின் கேட்டாள். "உங்கண்ணன் தோளத் தட்டித் தட்டிப் பேசுனாகளே, மாடியில இருந்து பாத்தேன். என்ன சொன்னாக?"

"ஒண்ணும் இல்ல."

அது வினோத்ராஜின் வார்த்தை. விதைக் கம்பெனி வேலைக்குப் போனதிலிருந்து அவன் அதிகம் விற்றது அதைத்தான் என்று இவாஞ்சலின் கேலி செய்வாள்.

பின்சீட்டில் ஜெமிமா வரைபடத்தை மடியில் விரித்து, கோடாங்கிபட்டி வந்ததும் ஒரு டிக் போட்டாள். சுகிர்தம் ஜன்னல் வழியே ஒன்றையும் பார்க்கவில்லை. இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்து, சிவப்புக் கயிற்றில் கட்டிய சின்னச் சாவி ஒன்றை எடுத்தாள்.

"இந்தா, நீ வச்சுக்க."

"எதுக்கு அத்தை?"

"உன் ரூம்லதான பெட்டி இருக்கப் போகுது. எனக்கு இனிமே எதுக்குப் பூட்டும் சாவியும்."

ஜெமிமா கயிற்றைக் கழுத்தில் போட்டு, சாவியைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டாள்.

தேனியை ஒட்டிய பழனிசெட்டிபட்டியில் முதல் மாடி வீடு. புதுச் சுண்ணாம்பு வாசனை. சுகிர்தம்தான் வலது காலை வைத்து முதலில் உள்ளே போனாள். அடுப்பைப் பற்ற வைத்து, ஒரு நிமிஷம் கண்ணை மூடி முணுமுணுவென்று ஜெபித்து, பாலை ஏற்றினாள். பால் பொங்கிப் பாத்திர விளிம்பு தாண்டி மேடையில் வழிந்தது.

"பொங்கிருச்சு!" என்று ஜெமிமா கை தட்டினாள்.

இவாஞ்சலினும் சிரித்தாள். மதினிக்கு முதல் தம்ளர் பாலை அவளே ஆற்றிக் கொடுத்தாள். அந்த ஒரு தம்ளர் பால் குடித்து முடிக்கும்வரை வீட்டில் எல்லோரும் நன்றாகத்தான் இருந்தார்கள்.

லாரி வந்தது. மாடிப்படியில் சாமான் ஏறத் தொடங்கியது. பீரோ, கட்டில், சாக்குகள். ஜெமிமா கூடத்தில் நின்று போலீஸ்காரர் மாதிரி கை காட்டினாள். "இது ஹால்ல... இது அம்மா ரூம்ல..." எல்லாம் வரைபடத்தில் இருந்தபடியே போய் உட்கார்ந்தன. இவாஞ்சலினுக்குப் பெருமை தாங்கவில்லை. திங்கட்கிழமை ஸ்டாஃப் ரூமில் சொல்லவேண்டும் என்று நினைத்தாள்.

அப்போது டிரங்குப் பெட்டி வந்தது.

"இது எங்கன வைக்க?" என்றான் ஒச்சாண்டி.

"என் ரூம்ல, ஜன்னலுக்குக் கீழ" என்றாள் ஜெமிமா.

இவாஞ்சலின் கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே வைத்தாள். "நில்லுங்க. இது எப்படி வந்துச்சு?"

"பச்சை ஒட்டியிருந்துச்சும்மா, ஏத்துனோம்."

"யாரு ஒட்டுனது?"

"நான்தாம்மா." ஜெமிமா முன்னால் வந்தாள். பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்த முகம். "மூணு கேள்வியும் கேட்டேன். தினமும் அத்தை வேணும். அத்தை இல்லாம நம்ம இருக்க முடியாது. அத்தைன்னா அத்தையோட பெட்டியும் வரணும்ல. அதான் பெட்டிய அளந்தேன். இடம் இருக்கு."

அடுப்படி மேடையில் வழிந்த பால் தீய்ந்த வாடை இன்னும் இருந்தது.

சுகிர்தம் அடுப்படி வாசலில் தம்ளரோடு நின்றிருந்தாள். பிள்ளையின் பேச்சிலிருந்து அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பெட்டிக்கு இடம் பார்த்தவள் பிள்ளை மட்டும்தான். ஒட்டியவளும் பிள்ளை மட்டும்தான்.

இவாஞ்சலின் புருஷனைப் பார்த்தாள். "என்னங்க..."

வினோத்ராஜ் சுவரில் இருந்த சுவிட்சுப் பலகையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். "இதுல ஒரு சுவிட்சு வேல செய்யல போலயே" என்றான்.

"நீங்க லாரியில ஏத்தும்போது பாத்தீகளா இல்லையா?"

"பச்சை ஒட்டியிருந்துச்சு. நீயும் அக்காவும் பேசிக்கிட்டீகன்னு நெனச்சேன்."

நினைக்கவில்லை. அது அவளுக்கும் தெரியும். சொல்ல வேண்டியதைச் சொல்லும் வேலையைத் தன் தலையில் கட்டிவிட்டு இவன் சுவிட்சைப் பார்க்கிறான் என்று ஆத்திரம் வந்தது. ஆத்திரம் புருஷன் மேல். ஆனால் எதிரில் நின்றது மகள்.

"ஜெமி, இங்க வா. ஒரு தப்பு நடந்திருக்கு. மூணாவது கேள்விய நீ சரியாப் பாக்கல. உன் ரூம்ல புத்தக ஷெல்ஃப் வரப்போகுது. இடம் இல்ல."

"ஷெல்ஃபையும் அளந்துதாம்மா வச்சேன். அதுபோக மிச்சம் இருக்கு. இந்தா பாரு."

கட்டக் காகிதத்தை நீட்டினாள். அட்டைத் துண்டுகள் எல்லாம் பசை போட்டு ஒட்டியிருந்தன. கட்டில், ஷெல்ஃப், ஜன்னலுக்குக் கீழே சின்னதாக ஒரு நீளச் சதுரம். அதன் மேல் பென்சிலில் 'அத்தை பெட்டி'. கட்டிலில் இரண்டு தலையணை வரைந்திருந்தது. கணக்கு டீச்சரால் அதில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"எல்லாத்தையும் அளந்து பாத்து முடிவு பண்ண முடியாது."

"நீதானம்மா அளக்கச் சொன்ன?"

"எதுத்துப் பேசாத. தப்புப் பண்ணா பண்ணவங்களே திருத்தணும். அதுவும் பாடம்தான். சிவப்பு ஸ்டிக்கர எடுத்து ஒட்டு."

ஜெமிமா அப்பாவைப் பார்த்தாள். அப்பா சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்தான். விளக்கு எரிந்தது, அணைந்தது. எல்லாச் சுவிட்சும் வேலை செய்தன.

சிவப்புத் தாளை எடுத்தாள். பெட்டிக்கு முன்னால் மண்டி போட்டாள். கை நகரவில்லை.

"ஒட்டு தாயி" என்றது சுகிர்தத்தின் குரல்.

அவள் தம்ளரை மேடையில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இவாஞ்சலினைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்.

"மொதல்ல பச்சைய உரிக்கச் சொல்லு இவா. ரெண்டும் இருந்தா ஏத்துற ஆளு கொழம்பிருவான்."

சொன்னவளே நகத்தால் ஓரத்தைக் கிளப்பினாள். பச்சை லேசில் வரவில்லை. பிள்ளை அவ்வளவு அழுத்தி ஒட்டியிருந்தது. பாதி கிழிந்து வந்தது. மீதி பெயின்ட்டோடு நின்றது. அதன் மேலேயே ஜெமிமா சிவப்பை ஒட்டினாள்.

"மதினி, அப்படியில்ல மதினி. நான் சொல்ல வந்தது என்னன்னா... இன்னும் வீடே செட்டாகல. கொஞ்ச நாள் போகட்டும். மத்தியானம் சாப்பிட்டுட்டு, சாயங்காலமா இவுக பஸ் ஏத்தி விடுவாக..."

"பெட்டி லாரியில போகும்போது நான் எதுக்குடி பஸ்ல போகணும்?"

"அக்கா, நாளைக்கு ஜெபக் கூட்டம் இருக்கு. சர்ச் ஐயர் வர்றாரு. நீ இல்லாம..." என்றான் வினோத்ராஜ். இன்னும் சுவிட்சைப் பார்த்துத்தான் பேசினான்.

"பால் பொங்கியாச்சுல்லடா? என் வேல அத்தோட முடிஞ்சுது." சுகிர்தம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "மேடையில தீஞ்சிருக்கு. புளி போட்டுத் தேய்ச்சா போயிரும் இவா."

ஜெமிமாவின் தலையில் ஒருமுறை கை வைத்தாள். படி இறங்கிப் போனாள்.

ஒச்சாண்டி லாரியை எடுத்தான். பின்னால் வெறும் தளத்தில் அந்த ஒரு பெட்டி மட்டும் திருப்பத்துக்குத் திருப்பம் சறுக்கி மோதியது. முன்னால் அவனுக்குப் பக்கத்தில் பட்டுச்சேலையோடு சுகிர்தம்.

"ஆத்தா, தப்பா நெனைக்காதீக. சாமானத் திருப்பி ஏத்துறது எனக்கு ஒண்ணும் புதுசு இல்ல. போன மாசம் ஒரு வீட்டுல கிரைண்டர மூணு தடவ ஏத்தி எறக்குனேன். அண்ணன் பொஞ்சாதி எனக்குங்குது, தம்பி பொஞ்சாதி எனக்குங்குது."

"கிரைண்டருக்கு அடிச்சுக்கிட்டாகளா?"

"ஆமாங்கறேன்! மண்டை ஒடைஞ்சு ஆஸ்பத்திரி வரைக்கும் போயிருச்சு."

"நல்லா அரைக்கும் போல" என்றாள் சுகிர்தம்.

ஒச்சாண்டி சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். தோப்புகள் கடந்தன. போடி மலை பக்கத்தில் வந்துகொண்டே இருந்தது. மலையில் மேகம் இறங்கியிருந்தது.

"பெட்டிய எங்கன எறக்க ஆத்தா?"

"ஏத்துன எடத்துலயே எறக்கு."

பழனிசெட்டிபட்டி வீட்டில் வினோத்ராஜ் ஸ்டூலில் ஏறி நின்று ஜன்னலுக்குத் திரைக்கம்பி மாட்டிக்கொண்டிருந்தான். ஜெமிமா கீழே நின்று ஆணி எடுத்துக் கொடுத்தாள். அவனுடைய ஃபோனும் அவள் கையில்தான் இருந்தது. அது அடித்தது.

"பெரியப்பா" என்றாள்.

"ஸ்பீக்கர்ல போடு."

விஜய்ராஜின் குரல் வெற்று அறையில் முழங்கியது. "ஏலே, என்னடா வெளையாட்டு இது? பெட்டியோட திரும்பி வந்து வாசல்ல நிக்கிறா! நீ கூட்டிட்டுப் போறேன்னுதான அவ ரூம்ல மூட்டையப் போட்டு அடுக்குனேன். கட்டிலக்கூட பின்னாடி கொட்டகையில தூக்கிப் போட்டாச்சு. நீங்க கெளம்புனதுமே சரக்கு எறங்கிருச்சு, இப்ப எங்க கொண்டுபோய் வைக்க? உங்க மதினி வேற ருத்ரதாண்டவம் ஆடுறா. நீயே வந்து கூட்டிட்டுப் போ."

வினோத்ராஜ் வாயில் கவ்வியிருந்த ஆணியை எடுத்தான்.

"அண்ணே, சரியா கேக்கல. லைன் வெட்டி வெட்டி வருது."

மகளைப் பார்த்துக் கையசைத்தான். நிறுத்திவிடு என்று. ஜெமிமா நிறுத்தினாள். லைன் நன்றாகத்தான் இருந்தது.

இவாஞ்சலின் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "யாரு? உங்கண்ணனா? மதினி போய்ச் சேந்துட்டாகளா?"

"ம். சேந்தாச்சு."

"வேற என்ன சொன்னாக?"

"ஒண்ணும் இல்ல" என்றான் வினோத்ராஜ். சொல்லிவிட்டு மகளைப் பார்த்து உதட்டின் மேல் விரலை வைத்தான்.

இவாஞ்சலின் மகளின் முன்னால் குனிந்தாள். பெட்டி விஷயத்துக்கு ஏதாவது செய்துவிட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. அதை எப்படிச் செய்வது என்றுதான் தெரியவில்லை. தெரிந்த ஒன்றைச் செய்தாள். ஒவ்வொரு நாளும் முடியும்போது கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"சொல்லு பாப்போம். இந்த ரெண்டு மூணு நாளுல நீ என்னென்ன கத்துக்கிட்ட?"

ஜெமிமா யோசித்தாள். "அளக்க. அட்டை வெட்ட. கண்ணாடிய பேப்பர்ல சுத்த."

"அப்புறம்?"

"அப்புறம், கேக்காம ஒட்டக் கூடாது."

இவாஞ்சலினின் முகம் ஒரு மாதிரி ஆனது. பிள்ளையின் கன்னத்தைத் தொடப் போனவள், அடுப்படியில் குக்கர் கூவியதும் எழுந்து போய்விட்டாள். அந்த அடுப்படியில் அவள் வைக்கிற முதல் சமையல் அது. பிள்ளைக்கும் அப்பாவுக்கும் அன்றைக்குப் பசி இல்லை.

ஃபோன் மறுபடியும் அடித்தது. திரையில் 'அக்கா' என்று வந்தது. அத்தையின் சிரித்த முகம். கீழே இரண்டு வட்டம். ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு.

ஸ்டூலின் மேல் அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தான். ஜெமிமா பச்சையைத் தொட்டுக் காதில் வைத்துக்கொண்டாள்.

அத்தையின் குரல் இல்லை.

"மொதலாளி, நான் ஒச்சாண்டி பேசுறேன். ஆத்தா பெட்டிய வாசல்ல எறக்கச் சொன்னாக. எறக்குனேன். இந்தப் போனப் பெட்டி மேல வச்சிட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கமா நடந்து போயிட்டாக. கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பாக்கல. வண்டிய ஓரங்கட்டிட்டுப் போய்ப் பாத்தா ஆளக் காணோம். எந்த பஸ்ல ஏறுனாகன்னு யாருக்கும் தெரியல. கையில ஒரு பை கூட இல்ல மொதலாளி... கேக்குதா? மொதலாளி?"

ஜெமிமா நின்ற இடத்திலேயே நின்றாள். சட்டைக்குள் சாவி நெஞ்சில் குளிர்ந்து கிடந்தது. சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்கு இப்போது தெரியும். அம்மா ஒரு நிறம் சொல்வாள். அப்பா சுவிட்சைப் பார்ப்பான்.

சுத்தியல் நின்றது.

"யாரும்மா ஃபோன்ல?" என்றான் வினோத்ராஜ், திரும்பாமலே.

ஜெமிமா ஃபோனைத் தன் பாவாடை மடிப்பில் அழுத்திக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்லப்பா."

குரல், ஏற்ற இறக்கம் மாறாமல், அப்படியே அவனுடையது.